சொல்லிவிட்டுத் தனியே போவது குற்றமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வெளிநாட்டுக் குழுச் சுற்றுலாவில் சிலர் வழிகாட்டியை விட்டுப் பிரிந்து தனியே ஊர் சுற்றக் கிளம்பிவிடுவது பொறுப்பற்ற செயல் என்று தங்கள் நாளிதழின் கடிதப் பகுதியில் வாசகர் ஒருவர் அண்மையில் எழுதியிருந்தார். சொல்லாமல் கொள்ளாமல் போவதைத்தான் அவர் கண்டிக்கிறார் என்றால் எனக்கும் மாற்றுக் கருத்து இல்லை. ஒருவருடைய தாமதத்துக்காக 40 பேர் பேருந்தில் காத்துக் கிடப்பது நியாயமல்ல. ஆனால், முன்கூட்டியே தெரிவித்துவிட்டு அரை நாள் தனியே செல்பவரையும் அதே கணக்கில் சேர்ப்பதை ஏற்க முடியவில்லை.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு குழுவுடன் செக் நாட்டின் தலைநகரான ப்ராக் நகருக்குச் சென்றிருந்தேன். அங்கே பழைய நகரச் சதுக்கத்தில் 1410-இல் அமைக்கப்பட்ட வானியல் கடிகாரம் உள்ளது. மணிக்கு ஒருமுறை அதன் மேலுள்ள இரு சிறு சாளரங்களில் இயேசுவின் சீடர்களான 12 அப்போஸ்தலர்களின் உருவங்கள் வலம் வரும். எல்லா நிறுவனங்களின் நிகழ்ச்சி நிரலும் அந்த மணியை ஒட்டியே அமைவதால், கொடி பிடித்த வழிகாட்டிகளின் பின்னால் ஏழெட்டுக் குழுக்கள் ஒரே நேரத்தில் அங்கே திரண்டன. உருவங்களைவிட உயர்த்திய கைப்பேசிகளைத்தான் நான் அதிகம் பார்த்தேன். 516 மீட்டர் நீளமும் இருபுறமும் 30 சிலைகளும் கொண்ட சார்லஸ் பாலத்தை 15 நிமிடத்தில் கடந்துவிட்டோம்.

மறுநாள் பிற்பகல் கடைகளுக்குச் செல்வதற்கென ஒதுக்கப்பட்டிருந்தது. அந்த நேரத்தில் தனியே செல்ல விரும்புவதாகச் சொன்னபோது வழிகாட்டி மறுக்கவில்லை. எது நேர்ந்தாலும் நிறுவனம் பொறுப்பல்ல என்ற தாளில் கையெழுத்து மட்டும் வாங்கிக்கொண்டார். பத்திரமாக இருக்கட்டும் என்று முதல் நாளே அவர் வாங்கி வைத்திருந்த பாஸ்போர்ட்டைக் கேட்டேன். அது விடுதிப் பெட்டகத்தில் இருக்கிறது, மாலையில்தான் எடுக்க முடியும் என்று பதில் வந்தது. அயல்நாட்டுத் தெருவில் ஒருவர் இன்னார் என்று காட்டும் ஒரே ஆவணத்தைப் பூட்டி வைத்துக்கொண்டு, பொறுப்பை மட்டும் அவர் தலையில் கட்டுவது என்ன முறை என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

தனியே போனதில் இடர்ப்பாடே இல்லை என்று சொல்ல மாட்டேன். ட்ராமில் ஏறியதும் பயணச்சீட்டை மஞ்சள் நிறப் பெட்டியில் செருகி நேரம் பதிக்க வேண்டும் என்பதே, எதிரில் இருந்த மூதாட்டி என் கையிலிருந்த சீட்டை வாங்கித் தாமே செருகிக் காட்டிய பிறகுதான் தெரிந்தது. நேரம் பதிக்காத சீட்டு வைத்திருந்தாலும் அபராதம்தான். திரும்பும்போது தெருவைக் கண்டுபிடித்தும் விடுதி அகப்படவில்லை. அந்நகரில் கட்டடங்களுக்குச் சிவப்புப் பலகையில் ஓர் எண்ணும் நீலப் பலகையில் ஓர் எண்ணும் இருக்கின்றன. சிவப்பு, கட்டடப் பதிவேட்டுக்கானது, தெருவின் வரிசையைக் காட்டுவது நீலம். விடுதி அட்டையில் இரண்டு எண்களும் இடையே சாய்கோடு (/) இட்டு அச்சிடப்பட்டிருக்க, அதற்கு முன்னால் இருந்த சிவப்பு எண்ணை வைத்துக்கொண்டு, வரிசையே இல்லாத எண்களுக்கிடையே அரை மணி நேரம் அலைந்தேன். வழிகாட்டி ஒரே வாக்கியத்தில் சொல்லியிருக்கக்கூடிய விவரம் இது. ஆயினும், அந்த ஊரில் இன்றைக்கும் என்னால் வழி சொல்ல முடிந்த ஒரே பகுதி அதுதான்.

குழு விசாவில் செல்லும் நாடுகளில் எல்லோரும் சேர்ந்தே நுழைந்து சேர்ந்தே வெளியேற வேண்டும் என்பதால் அங்கே கட்டுப்பாடு கூடுதலாக இருப்பதில் பொருள் உண்டு. மற்ற இடங்களில், முன்பதிவு செய்யும்போதே யார் யாருக்கு அரை நாள் தனியே வேண்டும் என்று கேட்டுக்கொண்டு, பாஸ்போர்ட்டைக் கையில் கொடுத்து அனுப்புவதில் நிறுவனங்களுக்கு என்ன சிரமம்? உள்ளூர் மொழியில் விடுதியின் முகவரி, வழிகாட்டியின் கைப்பேசி எண், பேருந்து புறப்படும் இடமும் நேரமும், ஐரோப்பிய நாடுகளாக இருந்தால் 112 என்ற அவசர உதவி எண், இவ்வளவும் எழுத, கையெழுத்து வாங்குகிறார்களே, அந்தத் தாளின் பின்பக்கமே போதும்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்