பள்ளி வாரியத்தின் கையில் பணப்பெட்டி இல்லை

அன்புள்ள ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அமெரிக்காவில் வாழும் தமிழ்க் குடும்பங்கள் வீடு வாங்கும்போது பள்ளியைப் பார்த்தே ஊரைத் தேர்ந்தெடுப்பதைப் பற்றித் தங்கள் இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். அதில் சொல்லியிருப்பவை பெரும்பாலும் சரியே. ஆனால் அந்தப் பள்ளிகளை யார் நடத்துகிறார்கள், அவற்றுக்குப் பணம் எங்கிருந்து வருகிறது என்பதைக் கட்டுரையாளர் 'அமெரிக்க அரசு' என்ற இரண்டே சொற்களில் முடித்துவிட்டார். வாஷிங்டனை ஒட்டிய வர்ஜீனியாவின் ஃபேர்ஃபாக்ஸ் கவுண்டியில் (நம்மூர் மாவட்டம் போன்ற பிரிவு அது) பல ஆண்டுகளாக வசிக்கும் பெற்றோர் என்ற முறையில், அந்த இரண்டு சொற்கள் எங்களைப் போன்றவர்களை எத்தனை முறை தவறான வாசலில் கொண்டுபோய் நிறுத்தியிருக்கின்றன என்பதைச் சொல்ல விரும்புகிறேன்.

ஃபேர்ஃபாக்ஸ் கவுண்டி பொதுப் பள்ளிகள் ஒரு சிறிய அமைப்பு அல்ல. சுமார் 1,80,000 மாணவர்கள், ஏறத்தாழ 200 பள்ளிகள், ஆண்டுக்கு 350 கோடி டாலரைத் தாண்டிவிட்ட செலவு என்று வர்ஜீனியாவிலேயே மிகப் பெரியது அது. மாணவர்களின் வீடுகளில் பேசப்படும் மொழிகளின் எண்ணிக்கை 200ஐத் தாண்டுகிறது. தமிழும் அவற்றில் ஒன்று. இத்தனை பெரிய நிர்வாகத்தில் ஒன்றிய அரசின் பணம் மிகச் சிறிய பங்கே. பாடத்திட்டத்தின் அடிப்படை வரையறையையும் பொதுத் தேர்வுகளையும் மாநிலம் வகுக்கிறது. ஆசிரியர் நியமனம், எந்தத் தெருப் பிள்ளைகள் எந்தப் பள்ளிக்கு என்ற பள்ளி எல்லை, பேருந்து, மதிய உணவு, விடுமுறை நாள் ஆகியவையெல்லாம் கவுண்டிக்குள்ளேயே முடிவாகின்றன. சென்னையிலிருந்து அரசாணை வந்து மாவட்டக் கல்வி அலுவலர் வழியாகத் தலைமையாசிரியரைச் சேரும் முறைக்குப் பழகிய நமக்கு இது பிடிபடச் சற்றுக் காலம் ஆகிறது.

முடிவெடுப்பது 12 பேர் கொண்ட பள்ளி வாரியம். ஒன்பது தொகுதிகளுக்கு ஆளுக்கொருவர், கவுண்டி முழுவதற்கும் பொதுவாக மூவர், நான்காண்டுப் பதவிக்காலம். வாக்குச்சீட்டில் கட்சிப் பெயர் இருக்காது. மாணவர் பிரதிநிதி ஒருவரும் ஓராண்டுக்கு அந்த மேசையில் அமர்ந்து பேசுகிறார். அவருக்கு வாக்குரிமை மட்டும் இல்லை. வாரியம் நியமிக்கும் கண்காணிப்பாளர் அன்றாட நிர்வாகத்தை நடத்துகிறார். அவருக்குக் கீழே பள்ளிகள் வட்டாரங்களாகவும், ஒவ்வொரு வட்டாரமும் இங்குள்ளவர்கள் 'பிரமிட்' என்று சொல்லும் தொகுப்புகளாகவும் பிரிந்துள்ளன. ஒரு உயர்நிலைப் பள்ளியை உச்சியில் வைத்து, அதற்கு மாணவர்களை அனுப்பும் நடுநிலைப் பள்ளியும் தொடக்கப் பள்ளிகளும் கீழே வரும் அமைப்பு அது. பெரும்பாலான இடங்களில் ஆறாம் வகுப்பு வரை தொடக்கப் பள்ளி, ஏழும் எட்டும் நடுநிலைப் பள்ளி.

இந்த வாரியமே 1995இல்தான் முதன்முதலாக மக்களால் தேர்ந்தெடுக்கப்பட்டது. அதற்கு முன் நியமனம்தான். தேர்தல் வந்தது, ஆனால் பணப்பெட்டியின் சாவி வரவில்லை. வர்ஜீனியாவில் பள்ளி வாரியங்களுக்கு வரி விதிக்கும் அதிகாரம் கிடையாது. டெக்சாஸில் டாலஸ் புறநகர்களில் இருக்கும் நம் உறவினர்கள் 'ஐ.எஸ்.டி.' என்று சொல்லும் பள்ளி மாவட்டங்கள் தம் சொத்து வரியைத் தாமே நிர்ணயிக்கின்றன. ஆகவே அவர்கள் ஊர் அனுபவம் இங்கே பொருந்தாது. ஃபேர்ஃபாக்ஸில் வீட்டு வரியை நிர்ணயிப்பது மேற்பார்வையாளர் குழு என்ற வேறொரு தேர்ந்தெடுக்கப்பட்ட அமைப்பு. பள்ளிகளின் நடைமுறைச் செலவில் பத்தில் ஏழு பங்கு போல அந்தக் குழுவிடமிருந்தே வருகிறது. கவுண்டியின் பொது நிதியிலும் பாதிக்கு மேல் பள்ளிகளுக்கே போகிறது. இது செல்வம் மிகுந்த கவுண்டி என்பதால், மாநிலத்தின் கணக்கீட்டு முறைப்படி மாநிலப் பங்கு குறைவு. அந்த மாநிலமும் தாராளமாகத் தருவதில்லை: வர்ஜீனியாவின் பள்ளி நிர்வாகங்களுக்கு மாணவர் ஒருவருக்குக் கிடைக்கும் நிதி, நாட்டின் சராசரியைவிட 14 விழுக்காடு குறைவு என்று மாநிலச் சட்டமன்றத்தின் சொந்த ஆய்வுக் குழுவே 2023இல் அறிக்கை தந்தது.

இதை நான் பாடம் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. என் மகன் மூன்றாம் வகுப்பில் இருந்தபோது, அவனுடைய வகுப்பு பள்ளிக் கட்டடத்துக்குப் பின்னால் நிறுத்தியிருந்த ட்ரெய்லர் என்ற தற்காலிக அறை ஒன்றில் நடந்தது. மரப்படிகள் மூன்று, சாய்தளம் ஒன்று, உள்ளே ஓயாமல் இரையும் ஏ.சி. மழை நாளில் கழிப்பறைக்குப் போக வேண்டுமென்றால் பிள்ளைகள் தலைமேல் சட்டைத் தொப்பியை இழுத்துவிட்டுக்கொண்டு தார்ச்சாலையைக் கடந்து ஓடுவார்கள். நாங்கள் பத்துப் பன்னிரண்டு குடும்பங்கள், பெரும்பாலும் தமிழரும் தெலுங்கருமாக, கையெழுத்திட்ட மனுவோடு பள்ளி முதல்வரைப் பார்க்கப் போனோம். அந்த அம்மையார் பொறுமையாகக் கேட்டுவிட்டு, ஒரு வெள்ளைத்தாளை எடுத்து நடுவில் கோடு போட்டார். ஒரு பக்கம் ஆசிரியர் எண்ணிக்கை: அது மாணவர் தலைக்கணக்கை வைத்து ஒரு வாய்பாட்டின்படி வருவது, அந்த வாய்பாட்டின் எண்கள் ஆண்டு நிதிநிலை அறிக்கையில் இருக்கின்றன. மறுபக்கம் கட்டடம்: அது புதுப்பிப்பு வரிசையில் தன் முறைக்காகக் காத்திருப்பது, அதற்கான பணம் கடன்பத்திரங்களிலிருந்து வருவது. இரண்டில் எதையும் தன்னால் மாற்ற முடியாது என்று சொல்லி, எங்கள் மனுவை எங்களிடமே திருப்பிக் கொடுத்தார். அன்று மனம் நொந்துதான் வெளியே வந்தோம். அந்தத் தாள் இன்னும் என்னிடம் இருக்கிறது.

கடன்பத்திரத்தைப் பற்றி ஒரு வார்த்தை. பள்ளிக் கட்டடங்களுக்காகக் கடன் வாங்கலாமா என்று இரண்டாண்டுக்கு ஒருமுறை நவம்பர் வாக்குச்சீட்டில் மக்களிடமே கேட்கிறார்கள். 2021இல் 36 கோடி டாலர், 2023இல் 43.5 கோடி டாலர். இரண்டுக்கும் மக்கள் ஒப்புதல் தந்தார்கள். குடியுரிமை பெற்ற நம்மவர்களில் பலர் ஜனாதிபதி தேர்தலன்று வரிசையில் நிற்கிறார்கள். பள்ளி வாரியத்துக்கும் மேற்பார்வையாளர் குழுவுக்கும் தேர்தல் நடக்கும் ஒற்றைப்படை ஆண்டுகளில் வீட்டிலேயே இருந்துவிடுகிறார்கள். என் பிள்ளையின் வகுப்பறையைத் தீர்மானிக்கும் சீட்டு இதுதான் என்று எனக்கே தாமதமாகத்தான் உறைத்தது.

நம்மவர்களுக்கு அக்கறை இல்லை என்று நான் சொல்லமாட்டேன். 1985இல் தொடங்கப்பட்ட தாமஸ் ஜெஃபர்சன் அறிவியல் உயர்நிலைப் பள்ளியின் நுழைவுத் தேர்வை வாரியம் 2020இல் நீக்கியபோது, இந்தியப் பெற்றோர் பலரும் பேசினார்கள், எழுதினார்கள். அது வழக்காகவும் ஆனது. அந்த வழக்கில் மேல்முறையீட்டு நீதிமன்றம் 2023இல் புதிய சேர்க்கை முறையை ஏற்றது. 2024இல் உச்ச நீதிமன்றம் வழக்கை எடுத்துக்கொள்ள மறுத்தது. 2024இல் எல்லைக் கொள்கை திருத்தப்பட்டு, கவுண்டி முழுவதற்குமான மறுஆய்வு தொடங்கியபோதும் நம் வாட்ஸ்அப் குழுக்கள் இரவு முழுவதும் தூங்கவில்லை. இனி ஐந்தாண்டுக்கு ஒருமுறை அந்த ஆய்வு நடக்கும். இரண்டு விவாதங்களிலும் எதிரெதிர் பக்கம் நின்ற நண்பர்கள் எனக்கு உண்டு. இருவர் கவலையும் உண்மையானது. ஆனால் 2025 வசந்தத்தில், பள்ளிகள் கேட்டதைவிட நூறு மில்லியன் டாலருக்கும் அதிகமாகக் குறைத்து மேற்பார்வையாளர் குழு ஒதுக்கியபோது, அதே குழுக்களில் ஒரு செய்திகூட வரவில்லை. தாமஸ் ஜெஃபர்சனில் படிப்பவர்கள் மொத்த மாணவர்களில் மிகச் சிலர். நிதிக் குறைப்பு எல்லா வகுப்பறைகளையும் தொடுகிறது, ஏனென்றால் பள்ளிச் செலவில் நூற்றுக்கு எண்பத்தைந்துக்கு மேல் ஆசிரியர்கள், ஊழியர்களின் சம்பளமும் சலுகைகளும்தான்.

வாரியக் கூட்டங்கள் வியாழக்கிழமை மாலைகளில் லூதர் ஜாக்சன் நடுநிலைப் பள்ளி அரங்கில் நடக்கின்றன. கருப்பினப் பிள்ளைகளுக்காக இந்தக் கவுண்டியில் 1954இல் திறந்த முதல் உயர்நிலைப் பள்ளி அது. அதற்கு முன் அந்தப் பிள்ளைகள் உயர்நிலைப் படிப்புக்காகக் கவுண்டிக்கு வெளியே போக வேண்டியிருந்தது. அந்த அரங்கில் முதல்முறை ஒலிவாங்கியின் முன் நின்றபோது எனக்குக் கை நடுங்கியது. எனக்கு முன் பேசியவர் பேருந்து ஓட்டும் ஒரு முதியவர். எழுதிவந்த தாளைப் பார்க்காமலே பேசி முடித்தார். வாக்களிக்கத்தான் குடியுரிமை வேண்டும். அங்கே பேசவோ எழுதி அனுப்பவோ வேண்டியதில்லை. எச்-1பி விசாவில் இருக்கும் இளம் பெற்றோர் பலருக்கு இது தெரியாது. தெரிந்தாலும், விருந்தாளியாக வந்த வீட்டில் குரல் உயர்த்தலாமா என்ற தயக்கம் இருக்கிறது. வீட்டு வரியையோ, வாடகை வழியாக அதில் ஒரு பங்கையோ கட்டுபவர் விருந்தாளி ஆகமாட்டார் என்பது என் கருத்து.

ஆகவே தங்களிடம் ஒரு வேண்டுகோள். கண்காணிப்பாளர் ஜனவரியில் நிதித் திட்டத்தை முன்வைக்கிறார்; பிப்ரவரியில் வாரியம் அதைத் தன் கோரிக்கையாக ஏற்றுக் கவுண்டிக்கு அனுப்புகிறது; ஏப்ரலில் மேற்பார்வையாளர் குழு மக்கள் கருத்தைக் கேட்டு, மே மாதத்தில் தொகையை முடிவு செய்கிறது; ஜூலை முதல் தேதி புதிய நிதியாண்டு தொடங்குகிறது. பொங்கல் விழா அறிவிப்பையும் தமிழ்ப் பள்ளி ஆண்டு விழா அறிவிப்பையும் தாங்கள் வெளியிடும் அதே பக்கத்தில், அமெரிக்கப் பதிப்பிலாவது, இந்தக் கருத்துக் கேட்புக் கூட்டங்களின் தேதிகளையும் பெயர் பதிவு செய்யும் முறையையும் தமிழில் வெளியிட வேண்டுகிறேன். ஃபேர்ஃபாக்ஸ் பற்றிய விவரங்களைத் திரட்டி, ஆண்டுதோறும் ஜனவரி முதல் வாரத்துக்குள் தங்களுக்கு அனுப்பிவைக்கும் பொறுப்பை நான் ஏற்றுக்கொள்கிறேன்.

இங்ஙனம்,
தங்கள் வாசகர்,
ஃபேர்ஃபாக்ஸ் கவுண்டி, வர்ஜீனியா