பொதுக்கூட்டத்துக்கு முன் மணிக்கு ஒரு கடிதம்

சுங்கை சிப்புட்,
ஞாயிறு இரவு

அன்புள்ள மணி,

தீபாவளிக்கு அப்புறம் உனக்கு ஒரு வரிகூட எழுதவில்லை. தப்புதான். இங்கே எல்லாரும் நலம், சின்னவனுக்குப் பினாங்கில் வேலை கிடைத்துவிட்டது. ஜொகூர் வெயில் உனக்கு ஒத்துக்கொண்டதா? பேரனிடம் அந்தப் பால்வாளிக் கதையைச் சொன்னாயா, இல்லை நான் வந்து சொல்லட்டுமா?

சரி, விஷயத்துக்கு வருகிறேன். அடுத்த மாதம் நம் சங்கத்தின் ஆண்டுப் பொதுக்கூட்டம். யாராக இருந்தாலும் தொடர்ந்து இரண்டு தவணைக்கு மேல் தலைவராக இருக்கக்கூடாது என்று நான் தீர்மானம் கொண்டுவரப் போகிறேன். வேறு யாராவது உன் காதில் போடுமுன் நானே சொல்லிவிட நினைத்தேன்.

இப்போது தலைவராக இருக்கும் பெரியவர் மேல் எனக்குக் கோபம் என்று எண்ணிவிடாதே. நம் தோட்டத்து லயத்தை, அந்த வரிசை வீடுகளை, இடித்தபோது பள்ளிக்கூடப் பெயர்ப்பலகையையும் கோயில் மணியையும் லாரியில் ஏற்றி வந்து காப்பாற்றியவர் அவர். இருபத்தாறு வருஷமாகச் சங்கம் அவர் தோளில்தான் நிற்கிறது. என் பயமே அதுதான். போன மாதம் பன்னிரண்டு நாள் ஆஸ்பத்திரியில் படுத்துவிட்டார். காசோலையில் கையெழுத்துப் போட ஆளில்லை. கணக்குப் புத்தகம் எங்கே இருக்கிறது என்று பொருளாளருக்கே தெரியவில்லை. கூட்டம் முடிந்து 60 நாளுக்குள் சங்கப் பதிவிலாகாவுக்குப் போகவேண்டிய போன வருஷ அறிக்கை அவர் மேசை இழுப்பறையிலேயே கிடந்தது. அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

எனக்கு உலகத் தமிழாராய்ச்சி மன்றம்தான் ஞாபகம் வந்தது. 1966 ஏப்ரலில் கோலாலம்பூரில் நடந்த முதல் மாநாட்டைப் பார்க்க அப்பா தோட்டத்தில் காலைப் பிரட்டுக்கு, ஆள் கணக்கெடுப்புக்கு, போகாமல் ரயிலேறினாரே, அதே மன்றம். 1964இல் டெல்லியில் அதைத் தொடங்க முன்னின்றவர் தனிநாயகம் அடிகள். அவர் நினைத்திருந்தால் தானே தலைவராகியிருக்கலாம். பிரெஞ்சு அறிஞர் ழான் ஃபிலியோசாவைத் தலைவராக்கிவிட்டு, செக் நாட்டுக் கமில் சுவலபிலோடு தான் செயலாளராக நின்று உழைத்தார். சென்னை, பாரிஸ், யாழ்ப்பாணம், மதுரை என்று மாநாடு ஊர் ஊராகப் போனது.

1989இல் மன்றத் தலைவரான ஜப்பானிய வரலாற்றறிஞர் நொபொரு கராஷிமா 2010 வரை இருந்தார். சோழர் கல்வெட்டுகளோடு வாழ்ந்த மனிதர், அவரைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. கோவையில் மாநாடு என்று தமிழக அரசு அறிவித்தபோது, ஆய்வாளர்கள் கட்டுரை எழுத அவகாசம் போதாது என்று மறுத்தார். அது சரி என்றே இன்றும் நினைக்கிறேன். அரசோ மன்றத்தை விட்டுவிட்டுச் செம்மொழி மாநாடு என்ற பெயரில் நடத்தியது, அவர் பதவி விலகினார். 1995இல் தஞ்சாவூரில் எட்டாவது மாநாடு, ஒன்பதாவது 2015இல் நம் கோலாலம்பூரில். நடுவே இருபது வருஷம், மணி! அப்புறம் 2023 ஜூலையில் சென்னையில் ஒன்று, கோலாலம்பூரில் ஒன்று. இரண்டுக்கும் பெயர் பதினோராவது மாநாடு. அப்பா உயிரோடு இருந்து எது நம்முடையது என்று கேட்டிருந்தால் நான் என்ன சொல்லியிருப்பேன்?

எந்தப் பக்கம் நியாயம் என்ற வழக்கு எனக்கு வேண்டாம். ஒருவர் எழுந்து போகும்போது பக்கத்தில் இன்னொருவர் வேலை பழகி நிற்கவேண்டும், அவ்வளவுதான் நான் கேட்பது. நூறு பேர்கூட இல்லாத நம் சங்கம் ஒருமுறை இரண்டாய்ப் போனால் ஒட்டவே ஒட்டாது. அந்தப் பெயர்ப்பலகையை எந்தக் கோஷ்டி வீட்டில் வைப்பது?

நாளை காலை பெரியவர் வீட்டுக்குப் போய் இதை நேரில் சொல்லப் போகிறேன். கூட்டத்தில் வைத்து அவர் முதன்முதலாகக் கேட்கக்கூடாது. அக்கா அழுவார்கள் என்று தெரியும்.

நீ செயலாளராக இருந்த காலத்துக் கூட்டக் குறிப்புப் புத்தகம் உன்னிடம்தான் இருக்கவேண்டும். அதில் முதல் சட்டவிதிகள் ஒட்டியிருக்கும். தபாலில் அனுப்பாதே, கையோடு எடுத்துக்கொண்டு வா. முதல் நாள் இரவு பஸ்ஸில் ஏறினால் விடியுமுன் ஈப்போ, நான் கார் எடுத்து வருகிறேன்.

உன்,
செல்வம்