நைனா, ஒரு சுத்துக்கு எத்தினி சுத்து?

நைனாவுக்கு,

நல்லாகீறியா? அம்மாவுக்கு முட்டி வலி எப்படி கீது? பாப்பாதான் இத படிச்சு காட்டும்னு தெரியும், அதனால பாப்பா, நடுவுல நீ சொந்தமா சேத்துலாம் படிக்காத. ரெண்டு மாசமா நான் பேசலன்னு நீ கோவமா கீறன்னு பெரியத்தை சொல்லிச்சு. கோச்சுக்காத நைனா, நான் இங்க அமெரிக்கால எழுந்துக்குறப்போ அங்க சாயங்காலம் அஞ்சரை ஆவுது, நீ ராத்திரி ரெண்டு மணிக்கு ஆர்பருக்கு போற ஆளு, அந்நேரம் சாப்ட்டு படுத்துடுவ. நேரம் ஒத்தே வர்ல. வேற ஒண்ணும் இல்ல.

கடசியா அனுப்பின வாய்ஸ்ல "அந்தூர்ல மீனு கீனு புடிக்கிறாங்களாடா"ன்னு கேட்டல்ல, அதுக்கு பதில் சொல்லத்தான் இந்த லெட்டரு.

புடிக்கிறாங்க. ஆனா துன்றதுக்கு இல்ல! புடிச்சு, போட்டோ எடுத்து, திரும்ப தண்ணிலயே உட்டுட்றாங்க. நீ சிரிப்பேன்னு தெரியும். பக்கத்து வூட்ல ஒரு பெருசு கீறாரு, கார் கம்பெனில கியர்பாக்ஸ் பண்ற எடத்துல காலம் பூரா வேல பாத்து ரிட்டயர் ஆனவரு, சம்சாரம் இல்ல, யாராண்டயும் பேசமாட்டாரு, மீனுன்னா மட்டும் வாய் மூடமாட்டாரு. அவரு கராஜ்ல பதினோரு தூண்டி வரிசையா தொங்குது, ஒவ்வொண்ணுலயும் டேப் ஒட்டி நம்பர் எழுதிகீறாரு, 5.4, 6.3, 7.1, 8.1ன்னு. மொதல்ல வெலன்னு நெனச்சேன்.

அது கியரு நைனா. இங்க தூண்டி கோல்ல நரம்பு சுருட்டுறதுக்கு ரீலுன்னு ஒண்ணு மாட்டிருக்கும். அதோட கைப்புடிய நாம ஒரு சுத்து சுத்துனா, உள்ள நரம்பு சுத்திகீற உருளை, ஸ்பூலுன்றாங்க, அது எத்தினி சுத்து சுத்துதுன்ற கணக்கு. 5.4னா ஒரு சுத்துக்கு ரெண்டடிக்கு கொஞ்சம் கம்மியா நரம்பு வரும், 8.1னா கிட்டத்தட்ட மூணடி. அதுலயும் ஸ்பூல் பெருசா இருந்தா இன்னும் ஜாஸ்தி, அதனால நம்பர மட்டும் பாத்து வாங்காதன்றாரு.

இங்க பாஸ்னு ஒரு மீனு, நம்ம விரால் மாதிரியே பதுங்கி அடிக்கிற ஜாதி. அதுக்கு இவங்க பிளாஸ்டிக்லயும் மரத்துலயும் பொய் மீனு பண்ணி உடுறாங்க. அதுல ஒண்ணு கிராங்க்பெய்ட்டு, மூக்குல தகடு வச்சிருக்கும், இழுக்க இழுக்க ஆழத்துக்கு போவும். தண்ணி அத புடிச்சு பின்னாடி இழுக்கும், கையில பாறாங்கல்லு கட்டுனாப்ல இருக்கும். நான் தெரியாம 8.1 தூண்டில அத கட்டி ஒரு நாள் பூரா இழுத்து, அடுத்த நாள் பல்லு வெளக்க கை தூக்க முடியல. பெருசு சிரிக்கிறாரு. அதுக்கு 5.4 தான் போடணும், மெதுவா வரும், ஆனா பலம் கீது. நம்ம டாட்டா ஏஸ்ல ஐஸ் பொட்டி ஏத்திகினு மேம்பாலம் ஏற்றப்போ பர்ஸ்ட் கியர் போடுவல்ல, அதேதான்.

8.1 எதுக்குன்னா, ரப்பர் புழு, ஈயக்குண்டு வச்ச கொக்கி, ஜிக்குன்றாங்க, பாசி மேல உடுற ரப்பர் தவளை, இதுக்கெல்லாம். அதுல ஆட்டுறது தூண்டி கோலு, ரீலு தொங்குற நரம்ப சுருட்டுறதுக்குத்தான். மீனு கவ்விகினு நம்மாண்டயே ஓடியாந்தா டக்குனு சுருட்டணும், பாசிக்குள்ள பூந்துச்சுன்னா போச்சு. இழுக்க இழுக்க தகடு சுத்துற ஸ்பின்னர்பெய்ட்டு மாதிரி நடுவாந்தரத்துக்கு 6.3, இல்ல 7.1. ஒண்ணே ஒண்ணுதான் வாங்குவேன்னா 7.1 வாங்கு, வேகமான ரீல மெதுவா சுத்தலாம், மெதுவானத வேகமா சுத்த முடியாதுன்றாரு. எனக்கு அது ஒத்துக்கல. மெதுவா சுத்துறேன்னுதான் ஆரம்பிப்போம், ஒரு மீனு மோதிட்டா கை தானா பறக்கும், நம்ம சித்தப்பா மாதிரி ஆளுக்கெல்லாம் 5.4தான் லாயக்கு.

இப்போ நவம்பரு, தண்ணி சில்லிட்டு போச்சு. குளிருல மீனும் சோம்பேறி ஆயிடுது, வேகமா போறத தொரத்தாது. அதனால எல்லாத்தையும் மெதுவாதான் உடணும்.

செயின்ட் கிளேர்னு ஏரி, ஏரின்றாங்க ஆனா அக்கரை தெரியாது, அந்தாண்ட கனடா. அம்மாம்பெருசு, ஆழம் சராசரி 11 அடிதான். அலை அடிக்குது, ஆனா உப்பு வாசன இல்ல நைனா. மூக்கு தேடுது, ஒண்ணுமே வர்ல. காசிமேட்ல அந்த டீசலும் கருவாடும் கலந்து அடிக்குமே, அதுக்கு காலேஜ் பசங்க முன்னாடி வெக்கப்பட்டவன் நானு.

ஒரு செவ்வாக்கிழமை மத்தியானம் பெருசுக்கு ரீல்ல சிக்கு விழுந்துச்சு, குருவிக்கூடு மாதிரி. கத்தி எடுத்து வெட்டப்போனாரு. குடுங்கன்னு வாங்கி, மடில வச்சு, ஆயா வலையில சொல்லிக்குடுத்த மாதிரியே, இழுக்காம, வளையத்த மட்டும் நகத்தால தூக்கி தூக்கி உட்டேன். பத்து நிமிஷம். ஒரு எடத்துலயும் அறுக்கல. அவரு என் கையவே பாத்துகினு இருந்தாரு. நான் மூஞ்ச அந்தாண்ட திருப்பிக்கினேன், காத்து ஜாஸ்தி அங்க, கண்ணுல தண்ணி வரும்.

(செவ்வாக்கிழமை லீவு போட்டேன், பாப்பா, நீ ஒண்ணும் கேக்காத.)

சாப்பாடுலாம் நல்லாதான் கீது. இந்தியன் கடையில வஞ்சிரம் விக்கிறாங்க, ஐஸ்லயே வயசுக்கு வந்தது. ஒரு தபா வறுத்தேன், பொகைக்கு அலாரம் அடிச்சு மாடி பூரா ஜனம் எறங்கி வந்துட்ச்சு. இப்போ முட்டதான். அம்மாகிட்ட நெத்திலி கருவாடுன்னு சொல்லாத, உடனே பார்சல் கட்ட ஆரம்பிச்சிடும், அனுப்புற செலவுக்கு ஒரு மாச அரிசி வாங்கலாம்.

இப்போ லாஞ்சு விஷயம். கியர்பாக்ஸ் போச்சு, புதுசு மாத்தணும்னு மெக்கானிக் சொல்றாரு, சித்தப்பா பாதி குடுக்க மாட்டேன்றாரு, சரி. அதுக்கு முன்னாடி ஒண்ணு பண்ணு. பழைய கியர்பாக்ஸ் மேல சின்ன தகடுல ரேஷியோ நம்பர் அடிச்சிருக்கும், கிரீஸ தொடச்சிட்டு பாப்பாவ போட்டோ எடுக்க சொல்லு. ரீலுக்கு உல்டா இது, இன்ஜின் மூணு நாலு சுத்து சுத்துனாதான் புரொபல்லர் ஒண்ணு சுத்தும். செகண்ட்ஸ்ல கெடைக்குதுன்னு கம்மி நம்பர் வாங்கி மாட்டிடாத, வேகமா போற மாதிரி தெரியும், வலைய கீழ உட்டதும் இன்ஜின் மூச்சு முட்டும், டீசல் குடிக்கும். நமக்கு வேணும்றது இழுவ.

துட்டு நான் அனுப்புறேன், மொத்தமா இல்ல, பேங்க்ல என்னமோ லிமிட் வச்சிகிறாங்க. ஏப்ரல் 15 தடைக்காலம் வரைக்கும் பழசையே ரிப்பேர் பண்ணி ஓட்ட முடியுமா பாரேன், அந்த 61 நாள்ல எப்படியும் லாஞ்ச கரையேத்தி வேல பாப்போம்ல. சித்தப்பாகிட்ட நீ பேசாத, பெரியத்தைய உட்டு பேச சொல்லு, அது சொன்னா கேப்பாரு. பாப்பா பீஸ் மட்டும் இந்த மாசமே கட்டிடுறேன், அத பத்தி யாராண்டயும் கை நீட்டாத.

தகடு போட்டோ மறக்காத.

உன் பையன்