செட் மாத்திரை

டேய் மாப்ள,

காதுகுத்துக்கு வராதவன் கடிதம் எழுத மட்டும் வந்துவிட்டானா என்று முதல் வரியிலேயே திட்டுவாய். திட்டு. அன்றைக்குத் தேர்வுப் பணி. தங்கச்சியிடம் போனில் சொல்லிவிட்டேன், உன்னிடம் சொல்லத்தான் பயம். மருமகளுக்கு எடுத்த பட்டுப்பாவாடை இன்னும் பீரோவில் இருக்கிறது. இங்கே எல்லோரும் சுகம். மூக்குப்பொடி சாரை பஸ் ஸ்டாண்டில் பார்த்தேன். பியூரெட் கதையை இன்னும் மறக்கவில்லை மனுஷன்.

எழுத உட்கார்ந்தது வேறு விஷயத்துக்கு.

பன்னிரண்டாம் வகுப்பில் வேதிவினை வேகவியல் ஓடுகிறது. மதியச் சாப்பாட்டுக்கு அப்புறம் முதல் பீரியட். அரைவாழ் காலம் என்றதும் பாதி வகுப்புக்குக் கொட்டாவி. பாதி பாதியாகத் தேயும் ரேடியத்தை அதுகள் எங்கே பார்த்தன? சட்டைப் பையில் தலைவலிக்கு வாங்கிய பாரசிட்டமால் அட்டை கிடந்தது. மேசைமேல் போட்டேன். "650 மில்லிகிராம். உடம்பில் இரண்டரை மணி நேரத்துக்கு ஒருமுறை பாதியாகிறது என்று வைத்துக்கொள். பத்து மணி நேரம் கழித்து மிச்சம் எவ்வளவு?" நாலு தடவை பாதியாக்கி, "நாற்பது சொச்சம் சார்" என்று கத்தினார்கள் பார், பக்கத்து வகுப்பு டீச்சர் எட்டிப் பார்த்தார். சாராயம் அப்படி இல்லை, பூஜ்ஜிய வகை. எவ்வளவு ஊற்றினாலும் ஈரல் மணிக்கு இவ்வளவு என்றுதான் தீர்க்கும் என்றேன். சிரிப்பார்கள் என்று நினைத்தேன். கடைசி பெஞ்சில் ஒருத்தனும் சிரிக்கவில்லை.

மறுநாள் ஆஸ்பிரின். அப்பாவின் மாத்திரை டப்பாவை அம்மா மூன்று வருஷமாகத் தூக்கிப் போட விடவில்லை. உதிரியாகக் கிடந்து ஈரம் ஏறியதில், மூடியைத் திறந்தாலே காடி வாடை. அதில் ஒன்று, புதிதாக ஒன்று, தனித்தனியே பொடித்துக் கரைத்து, நிறம் காட்டிக்கொடுக்கும் நடுநிலை பெர்ரிக் குளோரைடு கரைசல் இரண்டு சொட்டு. புதியது வெளிர்மஞ்சளாகவே நின்றது. பழையது நாவற்பழம் தின்ற நாக்கு மாதிரி ஊதா! சாலிசிலிக் அமிலத்தோடு 1897-இல் பேயர் ஆய்வகத்தில் ஹாஃப்மன் ஒட்டவைத்த அசெட்டைல் துண்டை எங்கள் வீட்டு ஈரம் கழற்றிவிட்டது; கழன்றதுதான் அந்தக் காடி, மிச்சம் நின்ற சாலிசிலிக் அமிலம்தான் அந்த ஊதா. அமெரிக்காவில் டியூக் பல்கலைக்கழகத்துக்காரர்கள் மருந்தியலை வைத்தே பள்ளிப்பிள்ளைகளுக்கு வேதியியல் பாடம் செய்திருக்கிறார்கள், என் மூளையில் உதித்ததென்று நீ ஊரெல்லாம் சொல்லி மானத்தை வாங்காதே.

வெள்ளிக்கிழமை பெல் அடித்த பிறகு ஒரு பெண் தயங்கி நின்றாள். அம்மா தீப்பெட்டி ஆபீசுக்குப் போகிறவர். கையில் அம்மாவுக்கு மருந்துக்கடையில் கலந்து கட்டிக் கொடுத்த மாத்திரைகள், கசங்கிய இரண்டு காகிதக் கவரில்: உடம்புவலிக்கு ஒரு செட், சளிக்கு ஒரு செட். "சார், இதையும் போட்டுப் பார்க்கலாமா?" அட்டையைக் கத்தரித்துக் கொடுத்ததில் பெயர் இருந்த பக்கம் கடையிலேயே நின்றுவிட்டது.

போட்டோம். இரண்டும் நிறம் மாறின. அவள் முகமும் மாறியது. இந்த நிறம் பீனால் என்கிற வகைச் சேர்மம் ஏதோ ஒன்று இருக்கிறது என்பதற்குத்தான் சாட்சி, பாரசிட்டமால்தான் என்பதற்கு இல்லை, சளி மாத்திரையில் வரும் பினைலெஃப்ரினும் பீனால்தான் என்றேன். வாத்தியார் புத்தி. மறுநாள் அவளே கடைக்குப் போய், மீதி அட்டைகளைக் காட்டச் சொல்லி எழுதி வந்துவிட்டாள். ஒன்றில் 650, மற்றதில் 500, இரண்டுமே பாரசிட்டமால். "நாலு வேளை சார். 4600."

பெரியவர்களுக்கே ஒரு நாளைக்கு 4000-தான் எல்லை. அதில் ஒரு சிறு பங்கு ஈரலில் நஞ்சாக மாறும். ஈரலிலேயே இருக்கும் குளுட்டாதயோன் என்ற காவல்பொருள் அதைப் பிடித்து வெளியே தள்ளும். கையிருப்பு தீர்ந்தால் அப்புறம் ஈரல்தான் பலி. பாடமாக இதைச் சொல்ல எனக்கு நாக்கு குளறாது. அவள் எதிரே நின்றபோது குளறியது. அம்மாவைக் கூட்டிக்கொண்டு போ என்று நேரே ஆஸ்பத்திரிக்கு அனுப்பினேன். ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள், பழுதில்லை. மூன்று நாள்தான் சாப்பிட்டிருக்கிறார்.

இப்போது சொல், நீயும் இப்படித்தானே செட் கட்டுகிறாய்? உன் மருந்துக்கடை ஸ்டூலில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டே நூறு தடவை பார்த்திருக்கிறேன், வாயைத் திறந்ததில்லை. நானெல்லாம் வேதியியல் வாத்தியார்! கூட்டம் நிற்கும்போது பெயர் எழுத ஏது நேரம் என்பாய். எழுத வேண்டாம், ரப்பர் ஸ்டாம்ப் செய்யக் கொடுத்திருக்கிறேன்: "இதில் பாரசிட்டமால் உண்டு." கவர்மேல் ஒரு குத்து. அட்டையையும் பெயர் தெரிகிற மாதிரி வெட்டு.

தலைமையாசிரியர் மாத்திரை பள்ளிக்குள்ளேயே வரக்கூடாது என்கிறார். எவனாவது வாயில் போட்டுவிட்டால் என்று அவருக்குப் பயம், அதுவும் நியாயம்தான். லேப் அலமாரியில் பூட்டி, சாவியை நானே வைத்துக்கொள்வதாகப் பேசி முடித்திருக்கிறேன்.

அதனால் காலாவதியான ஆஸ்பிரினைத் திருப்பி அனுப்பும் முன்னால் இரண்டு அட்டை எனக்கு எடுத்து வை. அப்பாவின் டப்பாவில் இனி கைவைக்க மனசில்லை. ஞாயிற்றுக்கிழமை பாவாடையும் ஸ்டாம்ப்புமாக வருகிறேன். தங்கச்சியைக் கருவாட்டுக் குழம்பு வைக்கச் சொல்.

உன்,
சோடாபுட்டி