பனைமரத்துக்குத் தென்னங்கீற்று வரையாதீர்கள்

தமிழில் குழந்தைகளுக்குப் படநூல் வெளியிடும் பதிப்பாளர்களுக்கும் ஓவியர்களுக்கும் ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரியவர்களே,

வணக்கம். நாங்குநேரிப் பக்கம் ஓர் அங்கன்வாடியில் வேலை பார்க்கிறேன். மூன்று வயதிலிருந்து ஐந்து வயதுக்குள் பதினேழு பிள்ளைகள். சென்ற மாதம் கைக்காசு போட்டு அவர்களுக்கு ஒரு படப்புத்தகம் வாங்கினேன். கெட்டி அட்டை, கையைக் கிழிக்காத வளைந்த முனைகள், பளிச்சென்ற வண்ணம். ஆசையாகத்தான் பிரித்தேன். 'ப' பக்கத்தில் 'பனைமரம்' என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. படத்தில் நின்றது தென்னை.

நாலு வயதுப் பையன் ஒருவன் பார்த்த மாத்திரத்தில் தென்னை என்று சொல்லிவிட்டான். அவன் தாத்தா பனையேறி. பனையோலை விசிறிபோல விரியும், தென்னங்கீற்று சீப்புப்போல இருபுறமும் இறங்கும் என்பது அவனுக்கு நடக்கப் பழகியபோதே தெரியும். நான் வாசித்ததை நம்புவதா, தன் கண்ணை நம்புவதா என்று தெரியாமல் என் முகத்தைப் பார்த்தான். பனை என்பதை அடித்துவிட்டுத் தென்னை என்று எழுதினேன். இப்போது 'ப'வுக்கு எங்களிடம் படம் இல்லை.

பனை தமிழ்நாட்டின் மாநில மரம். அதை ஒரு பக்கத்தில் முடிக்கவே கூடாது. நுங்குக்கு மட்டும் தனிப் புத்தகம் போடலாம். சித்திரை வெயிலில் குலை இறங்குகிறது. அரிவாளால் தலையைச் சீவினால் பெரும்பாலும் மூன்று கண். கட்டைவிரலை விட்டு நோண்டினால் சட்டையெல்லாம் தெறிக்கிறது. தின்று முடித்த காய் இரண்டை ஒரு குச்சியில் கோத்து, கவட்டைக் கம்பால் தள்ளினால் வண்டி ஓடுகிறது! எட்டுப் பக்கம், பக்கத்துக்கு ஒரு வரி போதும்.

பறவைக்கு நாங்கள் தூரம் போக வேண்டியதில்லை. கூந்தன்குளத்தில் கூழைக்கடாவும் மஞ்சள் மூக்கு நாரையும் ஊருக்குள்ளேயே, வீட்டோரத்து மரங்களில் கூடு கட்டுகின்றன. இமயமலையைத் தாண்டி வரித்தலை வாத்து வந்து இறங்குகிறது. குஞ்சுகள் மிரளுமே என்று தீபாவளிக்கு வெடி வெடிக்காத ஊர் அது. 1994-இல் அரசு சரணாலயமாக அறிவிப்பதற்கு வெகுகாலம் முன்பிருந்தே அந்த மக்கள் இப்படித்தான். இதைவிட நல்ல கதையை ஒரு குழந்தைக்கு யார் சொல்லிவிட முடியும்? நாரையின் அலகைப் பிளந்த பனங்கிழங்குக்கு ஒப்பிட்டான் ஒரு பழம்புலவன். இரண்டையும் அருகில் நின்று பார்த்தவன் அவன்.

பெங்குவினும் பாண்டாவும் வேண்டாம் என்று சொல்லவில்லை. பிள்ளைகளுக்கு அவற்றின்மேல் கொள்ளை ஆசை. ஆனால் களக்காட்டு மலையில் இருக்கிற சோலைமந்திக்கும் ஒரு பக்கம் வேண்டாமா? முகத்தைச் சுற்றி நரைத்த பிடரியோடு இருக்கும் அது, மேற்குத் தொடர்ச்சி மலையைத் தவிர உலகில் வேறெந்தக் காட்டிலும் இல்லை. மிளாவை மிளா என்றே எழுதுங்கள். கடமான் என்பதைப் பக்கத்தில் சிறிதாகப் போட்டுக்கொள்ளலாம். வீட்டில் கேட்ட சொல் அச்சில் இருந்தால் பிள்ளை விரலை வைத்துத் தானாகவே படிக்கிறது. இதை நான் தினமும் பார்க்கிறேன்.

உணவுப் புத்தகங்களும் அப்படியே. பர்கர், கேக், ஸ்ட்ராபெரி. உளுந்தஞ்சோறும் எள்ளுத் துவையலும், சொதியும், கருப்பட்டியும் உணவில்லையா?

ஓவியர்களுக்குத் தனியாக ஒரு வேண்டுகோள். வரைவதற்கு முன் ஒருநாள் பஸ் ஏறி வாருங்கள். தை, மாசியில் வந்தால் கூந்தன்குளத்துக்கு நானே கூட்டிப்போகிறேன். சித்திரையில் வந்தால் நுங்கு இருக்கும். வரைந்ததை அச்சுக்கு அனுப்புமுன் ஒருமுறை எங்கள் பிள்ளைகளிடம் காட்டுங்கள். ஓலை தப்பாக இருந்தால் அந்தப் பையனே சொல்லிவிடுவான்.

அன்புடன்,
நாங்குநேரி வட்டாரத்திலிருந்து
ஓர் அங்கன்வாடிப் பணியாளர்