கோவில்பட்டியின் அடுப்படியையும் எழுதுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சிறு நகரங்களின் உணவைப் பற்றித் தமிழ் நாளிதழ்களில் வரும் கட்டுரைகளை விரும்பிப் படிப்பவள் நான். சாத்தூர் என்றால் சேவு, ஸ்ரீவில்லிபுத்தூர் என்றால் பால்கோவா, விருதுநகர் என்றால் எண்ணெய்ப் பரோட்டா, எங்கள் கோவில்பட்டி என்றால் கடலைமிட்டாய் என்று ஊருக்கொரு பண்டத்தோடு அவை பெரும்பாலும் முடிந்துவிடுகின்றன. எங்கள் கடலைமிட்டாய்க்கு 2020ஆம் ஆண்டு புவிசார் குறியீடு கிடைத்தபோது மகிழ்ந்தவர்களில் நானும் ஒருத்திதான். ஆனால் அது கொறிப்பதற்கான பண்டம். இவ்வூரிலும் சுற்றியுள்ள கரிசல் கிராமங்களிலும் வீடுகளில் என்ன சமைக்கிறார்கள் என்பதை வெளியூர் வாசகர் அறிந்துகொள்ள வழியே இல்லாமல் இருக்கிறது.

உளுந்தஞ்சோற்றை எடுத்துக்கொள்வோம். தோல் நீக்காத உடைத்த உளுந்தை வாசம் வரும்வரை வறுத்து, அரிசியோடு பூண்டும் வெந்தயமும் தேங்காய்த் துருவலும் சேர்த்துச் சற்றுக் குழைய வேகவைத்து, எள்ளுத் துவையலோடு இறக்கி வைத்தால், வேறு குழம்பு தேவைப்படாது; ஞாயிற்றுக்கிழமையானால் நாட்டுக்கோழிக் குழம்பும் சேர்ந்துகொள்ளும். பூப்பெய்திய பெண்ணுக்கும் பிள்ளை பெற்றவளுக்கும் கருப்பட்டியும் நல்லெண்ணெயும் விட்டுக் கிண்டிக் கொடுக்கும் உளுந்தங்களியும் இதே கரிசல் உளுந்தில் விளைந்ததுதான். இவற்றுக்காகவே கோடை விடுமுறையில் ஆச்சி வீட்டுக்கு வரும் பிள்ளைகள் இன்றும் உண்டு. ஆயினும் ரயிலை விட்டு இறங்கும் ஒருவர் உளுந்தஞ்சோறு சாப்பிட ஆசைப்பட்டால், இங்கே உறவினர் வீடு இருந்தாலொழிய அந்த ஆசை நிறைவேறுவது கடினம்.

தொய்யக்கீரையின் கதை இன்னும் வருந்தத்தக்கது. இதை யாரும் விதைப்பதில்லை. ஐப்பசி, கார்த்திகை மழையில் பருத்திக்கும் பயறுகளுக்கும் இடையே தானாக முளைப்பதை, களையெடுக்கப் போன பெண்கள் மடியில் சேர்த்துக் கொண்டுவருவார்கள். அன்றிரவே அது பருப்போடு கடையப்பட்டுவிடும். கோழித்தீவனத்துக்காக மக்காச்சோளம் பயிரிடுவது பரவிய பின்னர், கம்பும் நாட்டுச்சோளமும் இருந்த இடம் சுருங்கியதோடு, களைக்கொல்லி தெளிக்கும் நிலங்களில் இந்தக் கீரையும் காணாமற்போகிறது. விவசாயிகளைக் குறைகூற எனக்கு மனம் வரவில்லை. வானம் பார்த்த பூமியில் எது விலைபோகிறதோ அதைத்தான் அவர்கள் விதைக்க முடியும். 2018இல் படைப்புழு மக்காச்சோளத்தைத் தாக்கியபோது அவர்கள் பட்ட பாட்டையும் நாங்கள் அறிவோம்.

சிறுதானியங்களின் பெருமை பேசப்படாமல் இல்லை. 2023ஆம் ஆண்டையே ஐக்கிய நாடுகள் சபை சர்வதேசச் சிறுதானிய ஆண்டாக அறிவித்தது. ஆனால் இதழ்களின் இணைப்புகளில் வரும் சமையற்குறிப்புகளோ கம்பு பீட்சா, குதிரைவாலி பிரியாணி, சோளக் கேக் என்றே இருக்கின்றன. கம்பைத் தண்ணீர் தெளித்து ஊறவைத்து, உரலில் குத்தி உமி நீக்கி, குருணையாக்கிக் காய்ச்சி, ஆறியபின் உருண்டையாக்கித் தண்ணீரில் போட்டுவைத்து, மறுநாள் மோர் விட்டுக் கரைத்து, மிதுக்கு வற்றலோ சீனியவரை வற்றலோ சின்ன வெங்காயமோ கடித்துக்கொண்டு குடிப்பதை ஏன் எவரும் விரிவாக எழுதுவதில்லை என்று எனக்கு விளங்கவில்லை. அது ஏழையின் சாப்பாடு என்ற கூச்சம் காரணமாக இருக்கலாம். உரலில் குத்தியே தோள் தேய்ந்த பெண்கள், அரிசி எளிதாகக் கிடைத்ததும் கம்பைக் கைவிட்டதில் நியாயம் இருக்கிறது என்பதையும் நான் மறுக்கமாட்டேன். உமி நீக்கும் இயந்திரங்கள் வந்துவிட்ட இக்காலத்தில் அந்தப் பாடு இல்லை. எனவே பழைய உழைப்பைத் திரும்பச் சுமக்காமலேயே அந்தச் சோற்றைச் சமைக்கலாம்.

இங்கே 1901ஆம் ஆண்டு முதல் இயங்கிவரும் வேளாண்மை ஆராய்ச்சி நிலையம், கே 8, கே 12 போன்ற மானாவாரிச் சோள ரகங்களைத் தந்திருக்கிறது. விதைக்கு இவ்வளவு கவனம் கிடைத்த ஊரில், அந்தச் சோளத்தில் ஆக்கிய சோற்றுக்கு ஓர் உணவகம்கூடப் பெயர் பெறவில்லை. பேருந்து நிலையத்தையொட்டி மகளிர் சுயஉதவிக் குழு ஒன்றுக்கு ஒரு சிறு கடையை நகராட்சி குறைந்த வாடகைக்கு ஒதுக்கி, காலையில் கம்பங்கூழும் மதியம் உளுந்தஞ்சோறும் மட்டுமாவது விற்கச் செய்யலாம். சமைக்கத் தெரிந்தவர்களுக்கு இங்கே பஞ்சமில்லை. எடுத்த எடுப்பிலேயே இருபது வகை வேண்டாம். அப்படித் தொடங்கினால் ஒரே மாதத்தில் அதுவும் பரோட்டாக் கடையாகிவிடும் என்பது என் அச்சம்.

தங்கள் நாளிதழுக்கும் ஒரு வேண்டுகோள். எங்கள் ஊர்ச் சமையலைப் பற்றி எழுதச் செய்தியாளர் ஒருவரை அனுப்புவதானால், கடைவீதியோடு நிறுத்திக்கொள்ளாமல், எட்டயபுரம், விளாத்திகுளம் சாலைகளில் உள்ள கிராமங்களின் வீடுகளுக்கும் அவரை அனுப்புங்கள். அளவுகளை, அங்குள்ள பெண்கள் சொல்வதுபோலவே, படி, உழக்கு என்ற பழைய அளவைக் கணக்கிலேயே எழுதிக்கொள்ளச் சொல்லுங்கள். கார்த்திகையில் வந்தால் நல்லது. தொய்யக்கீரை அப்போதுதான் கிடைக்கும்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
கோவில்பட்டி.