கேஸ் தீர்ந்துபோவதில்லை: சிங்கப்பூரில் ஏர்கான் மாற்ற நினைக்கும் நண்பனுக்கு

அன்புள்ள செல்வம்,

கடிதம் கிடைத்தது. மகளுக்குத் தெம்பனிஸ் வீட்டுச் சாவி கைக்கு வந்துவிட்டது என்று படித்ததும் மனம் நிறைந்தது. அவளுக்கும் சேர்த்துத்தான் இதை எழுதுகிறேன். படித்துவிட்டு அவளிடமும் கொடு.

முதலில் உன் ஈசூன் வீட்டு விஷயம். எட்டு வருடமான சிஸ்டம் 3 (ஒரு வெளி யூனிட், மூன்று உள் யூனிட்), மூன்று அறையிலும் ஒரே சமயத்தில் குளிர் குறைந்துவிட்டது, வந்தவர் மறுபடியும் கேஸ் ஏற்றச் சொல்கிறார் என்று எழுதியிருந்தாய். செல்வம், ஏர்கான் கேஸ் பெட்ரோல் போல எரிந்து தீர்வதில்லை. மூடிய குழாய்க்குள் சுற்றிக்கொண்டே இருப்பது அது. குறைந்திருந்தால் எங்கோ ஓட்டை இருக்கிறது என்பதுதான் பொருள். ஓட்டையைத் தேடாமல் கேஸ் மட்டும் ஏற்றினால் சில மாதத்தில் அவரே திரும்பி வர வேண்டியிருக்கும். கேஸ் குறைந்தபடியே ஓடினால் கம்ப்ரஸரும் சூடேறிக் கெடும், ஏனென்றால் உள்ளே சுற்றும் கேஸ்தான் அதன் மோட்டாரையும் குளிர்விக்கிறது.

எங்கே கோளாறு என்பதை நீயே பாதி கண்டுபிடித்துவிடலாம். சிஸ்டம் 3-இல் ஒவ்வோர் அறைக்கும் தனிக் குழாய் ஜோடி (மெல்லியது ஒன்று, தடித்தது ஒன்று) இருந்தாலும் கேஸ் பொது, கம்ப்ரஸரும் பொது. ஓர் அறை மட்டும் குளிரவில்லை என்றால் அந்த அறையின் ஃபில்டர், புளோயர் (காற்றைத் தள்ளும் விசிறிச் சக்கரம்), சென்சார், அல்லது வெளி யூனிட்டில் அந்த அறைக்குரிய வால்வு ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். எல்லா அறையும் சேர்ந்து குறைந்தால் கேஸ், கம்ப்ரஸர், அல்லது வெளி யூனிட்டின் காயிலில் (கேஸ் ஓடும் குழாய்ச் சுருளில்) அடைந்த தூசி. உன்னுடையது இரண்டாவது வகை. ஆகவே கேஸ் மேல் சந்தேகப்படுவது நியாயம்தான். ஆனால் சந்தேகத்துக்கு அளவு வேண்டும். உள் யூனிட்டின் மேல்பக்கம் உள்ளே போகும் காற்றையும் கீழே வெளியே வரும் காற்றையும் ஒரு சாதாரண டிஜிட்டல் தெர்மாமீட்டரால் அளந்து பார். இருபது நிமிடம் ஓடிய பிறகு வித்தியாசம் 8 முதல் 12 டிகிரி இருந்தால் யூனிட் தன் வேலையைச் செய்கிறது. 4, 5 டிகிரிதான் என்றால் கோளாறு உண்மை. முன்மூடியைத் திறந்து காயிலையும் பார்த்துவிடு. ஐஸ் ஆரம்ப முனையில் மட்டும், மெல்லிய குழாய் பக்கம் பிடித்திருந்தால் அது கேஸ் குறைவின் அடையாளம். காயில் முழுவதும், தடித்த குழாய்வரை வெள்ளையாகப் பிடித்திருந்தால் பெரும்பாலும் காற்று ஓட்டம்தான் குறைவு: ஃபில்டர் அடைத்திருக்கும் அல்லது புளோயர் சக்கரத்தில் அழுக்குப் படிந்திருக்கும். இதற்குக் கேஸ் ஏற்றுவது வீண் செலவு.

வருபவர் கேஜ் (அழுத்தமானி) மாட்டி "பிரஷர் கம்மி" என்று மட்டும் சொன்னால் போதாது. இன்வெர்ட்டர் கம்ப்ரஸர் சுமைக்கேற்ப வேகத்தைக் கூட்டிக் குறைப்பதால் பிரஷரும் மாறிக்கொண்டே இருக்கும். எவ்வளவு கேஸ் இருக்க வேண்டும் என்பது வெளி யூனிட்டின் தகட்டில் கிலோ கணக்கில் எழுதியிருக்கும். நம்பக்கூடிய வழி ஒன்றே: பழைய கேஸை மீட்டு எடுத்து, தராசில் நிறுத்து, ஓட்டையை அடைத்து, வேக்குவம் போட்டு (உள்ளிருக்கும் காற்றையும் ஈரத்தையும் பம்பால் உறிஞ்சி), தகட்டில் உள்ள எடைக்கு நிரப்புவது.

ஓட்டை பெரும்பாலும் இருக்கும் இடம் ஃபிளேர் நட்டு மூட்டுகள், அதாவது குழாய் முனையை விரித்து நட்டால் இறுக்கும் இணைப்புகள். உள் யூனிட்டின் பின்பக்கம் ஒரு ஜோடி, வெளி யூனிட்டில் அறைக்கு ஒரு ஜோடி. சோப்பு நீர் தடவினாலே சில சமயம் குமிழ் தெரிந்துவிடும். அங்கே இல்லை என்றால் உள் யூனிட்டைக் கழற்றி, குழாயின் இரு முனையையும் மூடி, நைட்ரஜன் ஏற்றி ஓர் இரவு விட வேண்டும். காலையில் கேஜ் முள் இறங்காமல் இருந்தால் குழாய் நல்லது, குற்றவாளி காயில். காயில் ஓட்டை நம் ஊரில் அபூர்வம் அல்ல. செம்பின் மேல் ஃபார்மிக், அசிட்டிக் போன்ற அமில ஆவி படிந்து, ஈரத்தோடு சேர்ந்து, ஊசி முனையைவிடச் சிறிய துளைகளைக் குடைந்துவிடும், கண்ணுக்குத் தெரியாது. சமையலறைப் புகை, சில பசைகள், மரப்பலகை வெளியிடும் ஆவி, சரியாக அலசாமல் விட்ட கெமிக்கல் வாஷ் (ரசாயனத்தால் காயிலைக் கழுவுவது) எல்லாம் இதற்குக் காரணமாகலாம். அதனால்தான் "வருடத்துக்கு ஒரு கெமிக்கல் வாஷ் கட்டாயம்" என்ற பேச்சை நான் ஏற்பதில்லை. ஃபில்டரைக் கழுவிய பிறகும் காற்று மந்தமாக வந்தாலோ, நாற்றம் போகாமல் இருந்தாலோ, புளோயர் கருத்திருந்தாலோ செய். செய்யும்போது பிசிபியை (மின்னணுப் பலகையை) மூடியிருக்கிறார்களா, கடைசியில் நல்ல நீரால் போதுமான அளவு அலசுகிறார்களா என்று பக்கத்தில் நின்று பார்.

இனி உன் கேள்வி: மாற்றலாமா? ஃபிளேர் மூட்டில் ஓட்டை என்றால் மாற்றாதே, முனையை வெட்டிப் புது ஃபிளேர் போட்டால் இன்னும் பல வருடம் ஓடும். பிசிபி மட்டும் போனாலும் உதிரி கிடைக்கிறதா, என்ன விலை என்று கேட்டுவிட்டு முடிவெடு. (வெளி யூனிட்டுக்குள் பல்லி புகுந்து பிசிபியில் ஷார்ட் ஆவது இங்கே நிறைய நடக்கிறது. குழாய் நுழையும் ஓட்டையைப் புட்டிப் பசையால் அடைக்கச் சொல்.) ஆனால் கம்ப்ரஸரோ, மறைவுக் குழாயோ, இரண்டு காயில்களோ போயிருந்தால் எட்டு வருடப் பெட்டிக்குப் பணம் போடாதே. உன்னுடையது ஆர்410ஏ கேஸ். அதன் புவி வெப்பமாக்கும் திறன் 2088. தேசியச் சுற்றுப்புற வாரியத்தின் விதிப்படி 2022 அக்டோபர் 1 முதல் 750-க்கு மேல் உள்ள கேஸ் கொண்ட வீட்டு ஸ்ப்ளிட் ஏர்கான்களை இங்கே விற்பனைக்கு விட முடியாது. இப்போது வருவது பெரும்பாலும் ஆர்32. அதன் எண் 675. ஆகவே வெளி யூனிட்டை மட்டும் மாற்றிப் பழைய உள் யூனிட்டுகளை வைத்துக்கொள்ளும் யோசனை வேண்டாம், முழுத் தொகுதியாகத்தான் மாற வேண்டும்.

பழைய குழாயை வைத்துக்கொள்ளலாமா என்று நிச்சயம் கேட்பாய், ஃபால்ஸ் சீலிங்கை உடைக்க யாருக்கும் மனம் வராது. ஆர்410ஏ-யிலிருந்து ஆர்32-க்குப் போகும்போது குழாய் அளவு புது யூனிட்டுக்குப் பொருந்தி, தடிமன் போதுமானதாக இருந்து, நைட்ரஜன் சோதனையில் தேறினால் வைத்துக்கொள்ளலாம். கம்ப்ரஸர் எரிந்துபோன வீடு என்றால் கூடாது. எரிந்த எண்ணெயின் அமிலம் குழாய்ச் சுவரில் ஒட்டியிருக்கும், புதுக் கம்ப்ரஸரையும் தின்றுவிடும். குழாய் நன்றாக இருந்து இன்சுலேஷன் நைந்திருந்தாலும் மாற்றிவிடு. சுவரில் மஞ்சள் கறை படிவதற்குப் பாதிக் காரணம் அதுதான்.

மகளின் வீட்டுக்கு வருகிறேன். அவள் பிராண்டைப் பற்றித்தான் கேட்டிருக்கிறாள். மிட்சுபிஷி எலெக்ட்ரிக், டைக்கின், பானசோனிக் எதை வாங்கினாலும் பெட்டி நல்ல பெட்டிதான். பெட்டியைப் பத்து வருடம் ஓட வைப்பதும் மூன்று வருடத்தில் கெடுப்பதும் பொருத்தும் நாளில் நடக்கும் வேலை. பேரம் பேசும் சக்தியைப் பிராண்டில் செலவழிக்காமல் பொருத்தும் பொருளில் செலவழிக்கச் சொல்.

விலைப்பட்டியலில் எழுத்தில் இருக்க வேண்டியவை: செம்புக் குழாயின் சுவர்த் தடிமன் (கடைக்காரர்கள் கேஜ் எண்ணாகச் சொல்வார்கள், மில்லிமீட்டரில் கேட்டால் 0.7, 0.8 என்று வரும், கூடுதல் தடிமனே நல்லது), இன்சுலேஷன் அரை அங்குலத் தடிமன், ஃபால்ஸ் சீலிங்குக்கு மேலும் சமையலறை வழியாகவும் போகும் இடங்களில் முக்கால் அங்குலம், வடிகால் குழாய்க்கும் தனி இன்சுலேஷன், வெளி யூனிட்டைச் சுவரில் பிராக்கெட்டில் மாட்டுவதானால் அந்தப் பிராக்கெட் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல். இன்சுலேஷனில் ஏன் இவ்வளவு பிடிவாதம் என்றால், நம் காற்றில் ஈரம் அதிகம். 24, 25 டிகிரிக்குக் கீழே குளிர்ந்த எந்தப் பரப்பும் வியர்த்துவிடும். சிஸ்டம் 3 போன்றவற்றில் விரிவாக்க வால்வு (கேஸ் அழுத்தம் இறங்கிக் குளிரும் இடம்) வெளி யூனிட்டுக்குள்ளேயே இருப்பதால் மெல்லிய குழாயும் சில்லென்றுதான் வரும். அதனால் இரண்டு குழாய்க்கும் தனித்தனியே உறை வேண்டும். டிரங்கிங்குக்குள் (குழாய்களை மறைக்கும் பெட்டிக்குள்) திணித்து நசுக்கிய உறை பாதித் தடிமனாகிவிடும், பிறகு அந்த வளைவில்தான் நீர் சொட்டும்.

பொருத்தும் நாளில் அவள் வீட்டில் இருக்கட்டும். ஃபிளேர் நட்டை டார்க் ரெஞ்சால் (முடுக்கும் விசையை அளந்து காட்டும் ஸ்பேனரால்) முடுக்குகிறார்களா என்று பார்க்க வேண்டும்: கால் அங்குலக் குழாய்க்கு 14 முதல் 18 நியூட்டன் மீட்டர், 3/8 அங்குலக் குழாய்க்கு 34 முதல் 42. தளர்ந்தால் கசியும், மிஞ்சினால் செம்பு வெடிக்கும். பிறகு நைட்ரஜன் அழுத்தச் சோதனை, அதன் பின் வேக்குவம். வேக்குவத்தைச் சாதாரண கேஜில் பார்த்து "போதும்" என்று சொல்லக் கூடாது. மைக்ரான் கேஜ் (வேக்குவத்தை நுட்பமாக அளக்கும் கருவி) மாட்டி 500 மைக்ரானுக்குக் கீழே கொண்டுபோய், பம்பை நிறுத்தி, பத்துப் பதினைந்து நிமிடம் எண் எகிறாமல் நிற்கிறதா என்று பார்க்க வேண்டும். உள்ளே ஈரம் தங்கினால் கம்ப்ரஸர் எண்ணெயோடு சேர்ந்து அமிலமாகும். காற்று தங்கினால் அழுத்தம் கூடி மின்சாரம் வீணாகும். இந்த ஒரு மணி நேர வேலையைச் சுருக்குகிறவரை வாசலோடு அனுப்பிவிடலாம்.

கடைசிச் சோதனை ஒன்று உண்டு, பெரும்பாலோர் கேட்பதே இல்லை. அறைகளை ஒவ்வொன்றாக மட்டும் ஓட விட வேண்டும். ஓர் அறையின் குழாயும் இன்னோர் அறையின் வயரும் மாறி இணைந்திருந்தால், ஓடும் அறை குளிராது, அணைத்திருக்கும் அறையில் ஐஸ் கட்டும். எல்லாவற்றையும் சேர்த்து ஓட்டினால் இது வெளியே தெரியாமல் போய்விடும். கூடவே ஒவ்வோர் உள் யூனிட்டின் தட்டிலும் ஒரு லிட்டர் தண்ணீர் ஊற்றி, குளியலறையில் அது முழுதாக வந்து சேர்கிறதா என்றும் பார்க்கட்டும். வடிகாலுக்கு மீட்டருக்கு ஒரு சென்டிமீட்டர் சரிவாவது வேண்டும்.

அளவு விஷயத்தில் பெரிது நல்லது என்று நினைக்க வேண்டாம். சாதாரணப் படுக்கையறைக்கு 9,000 பிடியு (குளிரூட்டும் திறனின் அளவு) போதும். மேற்கு வெயில் நேரே அடித்தால் 12,000. பெரிதாகப் போட்டால் அறை சட்டென்று குளிர்ந்து கம்ப்ரஸர் தணிந்துவிடும், ஈரம் போகாது, போர்வைக்குள்ளும் பிசுபிசுப்பு. தினமும் இரவில் ஒரே ஓர் அறைதான் ஓடும் என்றால் அந்த அறைக்குத் தனியாக ஒரு சிஸ்டம் 1, மற்றவற்றுக்கு சிஸ்டம் 2 என்று பிரிப்பதும் யோசிக்கத் தக்கது. வெளி யூனிட் வைக்கும் மேடையில் இடம் இருக்கிறதா என்று வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) விதிகளைப் பார்த்துக்கொள்ளட்டும். அரசு கொடுத்த பருவநிலைப் பற்றுச்சீட்டு மிச்சம் இருந்தால் 5 டிக் (மின்சேமிப்பு முத்திரையில் ஐந்து குறி பெற்ற) ஏர்கானுக்குக் கொடுக்கலாம், 2027 டிசம்பர் 31 வரை செல்லும்.

பொருத்துபவர் கட்டட, கட்டுமான ஆணையத்தின் பயிற்சி பெற்றவராக இருக்க வேண்டும். உன் வீடு பழையது என்பதால் மெயின் சுவிட்ச் 30 ஆம்பியரா 40 ஆம்பியரா என்று முன்னதாகவே பார்த்துவை. 30 என்றால் உரிமம் பெற்ற மின்பணியாளரைக் கொண்டு உயர்த்திய பிறகுதான் பெரிய தொகுதி. பழைய யூனிட்டைக் கழற்றும்போது கேஸை வெளி யூனிட்டுக்குள் இழுத்து அடைத்துவிட்டு வெட்டச் சொல், சும்மா காற்றில் விடக் கூடாது. புதிதைக் கொண்டுவரும் கடைக்காரரிடம் பழையதைத் திரும்ப எடுத்துக்கொள்ளும்படி கேள், அது அவர் கடமை, தனிக் கட்டணம் கிடையாது.

பராமரிப்பு சுருக்கமாக: ஃபில்டர் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை உன் கையாலேயே, சர்வீஸ் மூன்று மாதத்துக்கு ஒருமுறை. சர்வீஸ்காரர் வடிகால் குழாயை அதன் கடைசி முனையிலிருந்து வேக்குவத்தால் உறிஞ்ச வேண்டும். அதில் வளரும் ஜெல்லி போன்ற பாசிதான் நீர் சொட்டலுக்கு முதல் காரணம்.

குளியலறைச் சீலிங்குக்கு மேலே இருக்கும் தொட்டி ஹீட்டரைப் பற்றி நீ எதுவும் எழுதவில்லை, ஆனால் அதுவும் எட்டு வருடம்தானே. அதனுள்ளே மெக்னீசியக் கம்பி ஒன்று தொட்டிக்குப் பதிலாகத் தானே அரிபட்டுக்கொண்டிருக்கும். அது கரைந்து முடிந்த பிறகு துரு தொட்டியைப் பிடிக்கும். மின்சாரத்தை அணைத்து, அழுத்த வால்வு கசிகிறதா, அடியில் துருக்கறை இருக்கிறதா என்று ஏர்கான் வேலை நடக்கும் அதே நாளில் பார்க்கச் சொல். சீலிங் திறந்திருக்கும்போது அது ஐந்து நிமிட வேலை.

தெர்மாமீட்டர் அளவுகளையும், வெளி யூனிட் தகட்டின் படத்தையும், மகளுக்கு வரும் விலைப்பட்டியல்களையும் எனக்கு அனுப்பு. பட்டியலில் குழாய், இன்சுலேஷன், வேக்குவம் மூன்றும் எழுதியிருக்கும் பக்கம்தான் முக்கியம். முன்பணம் கொடுப்பதற்கு முன் பார்த்துச் சொல்லிவிடுகிறேன். வீட்டில் எல்லாரையும் விசாரித்ததாகச் சொல்.

அன்புடன்,
கதிரேசன்